இலுப்பையும் பழந்தின்னி வௌவாலும்: ஒரு கூட்டுக் கணக்கு

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்பார்கள். அந்தச் சர்க்கரைக்கு முதல் வாடிக்கையாளர் நாம் இல்லை, பழந்தின்னி வௌவால்தான். ஒன்று மரம், இன்னொன்று குட்டி போட்டுப் பால் கொடுக்கிற காட்டுயிர். இரண்டின் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வங்கியில் பேரேடு பார்த்த பழக்கம், விட மாட்டேங்குது!

வளர்ச்சி: இரண்டுமே நிதானம். விதை போட்ட இலுப்பை காய்ப்புக்கு வரச் சுமார் பத்து வருஷம் ஆகும். வௌவால் வருஷத்துக்கு ஒரே குட்டிதான் போடும். எலி மாதிரிப் பெருகாது. அதனால் இழப்பை ஈடுகட்ட இரண்டுக்கும் வெகுகாலம் பிடிக்கும்.

வேலை நேரம்: இரண்டுக்கும் இரவு ஷிப்ட். பங்குனி, சித்திரையில் இலுப்பையின் சதைப்பற்றுள்ள இனிப்புப் பூ இரவில்தான் உதிரும். வௌவால் மோப்பத்தாலும் கண்பார்வையாலும் தேடி வந்து தின்னும்; மகரந்தச் சேர்க்கையும் நடந்துவிடும்.

வித்தியாசம்: மரம் நகராது. இலுப்பை விதைக்கு முளைப்புத்திறனும் சீக்கிரம் போய்விடும். வௌவால் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்ச் சதையைத் தின்றுவிட்டு விதையைப் போடும். ஆல், அத்தி விதைகளை எச்சத்தோடு தூவும். நர்சரிக்காரர் கூலி கேட்பார், இது கேட்காது.

நமக்கு வரவு என்ன? விளக்குக்கு எண்ணெய், நிலத்துக்குப் புண்ணாக்கு. (புண்ணாக்கில் சப்போனின் உண்டு, மீன் வளர்க்கும் குளத்தில் கலந்துவிடக் கூடாது.)

1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் பழந்தின்னி வௌவாலைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. விழுப்புரம் மாவட்டம் கழுப்பெரும்பாக்கம் மக்களோ, ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை.

கொய்யா, சப்போட்டாவில் சேதம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு நைலான் வலை கட்டாதீர்கள், சிக்கிச் செத்துப்போகும். காய்களுக்குத் துணிப்பை அல்லது காகித உறை மாட்டினால் போதும். நிபா கிருமி இவற்றிடம் இருக்கலாம் என்பதால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது. வௌவாலைத் தொடவும் கூடாது. பயந்துபோய் அவை தங்கும் மரத்தை வெட்டினால், கூட்டம் கலைந்து வேறு இடத்துக்குப் போகுமே தவிர நோய் பயம் தீராது.

இந்த ஆனி, ஆடியில் வௌவால் போட்ட இலுப்பை விதைகளைக் காலையிலேயே கையுறை போட்டுப் பொறுக்கிக் கழுவி, காயவிடாமல் உடனே வரப்போரம் ஊன்றுங்கள். பத்து வருஷ வைப்புத்தொகை அது. முதிர்வுத் தொகை பேரப்பிள்ளைகளுக்கு.