இலைக்கு ஒரு சட்டம், பூவுக்கு ஒரு சட்டம்

கஞ்சாச் செடியில் போதை தருவது டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்ற வேதிப்பொருள். சுருக்கமாக டிஎச்சி. இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964-ல் இதைத் தனியே பிரித்து, இன்னதென்று அடையாளம் காட்டினார்கள். பெண் செடியின் பூங்கொத்தில் ஊறும் பிசினில்தான் இது மிகுதியாக இருக்கிறது. இலையில் குறைவு. விதைக்குள் அநேகமாகக் கிடையாது. மேல் தோலில் ஒட்டிய பிசினோடு வருவதுதான். தண்டு நாருக்கு உதவும். அதே செடியில் இருக்கும் கன்னாபிடையால், அதாவது சிபிடி, போதை தராது. ஒரே செடியின் பூ, பிசின், இலை, விதை, தண்டு ஒவ்வொன்றையும் இந்தியச் சட்டம் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் அந்தப் பார்வையும் மாறுகிறது.

நாடு முழுமைக்கும் பொதுவானது 1985-ல் வந்த போதைப்பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் எல்லோரும் என்டிபிஎஸ் என்றே சொல்கிறார்கள். செடியிலிருந்து பிரித்த பிசினை இது சரஸ் என்கிறது. திரவமாக்கிய ஹஷிஷ் எண்ணெயும் அதில் அடக்கம். பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி கஞ்சா. நுனியோடு சேராமல் தனியே இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது என்று விளக்கத்திலேயே விலக்கு உண்டு. இந்த விலக்கின் வேர் 1961-ம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இருக்கிறது. அதிலும் இலையும் விதையும் இப்படியே விடப்பட்டன. இந்தியா 1964-ல் அதை ஏற்றபோது, மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் இருந்தது. அதற்கு வெகு முன்பே, 1893-94-ல், ஆங்கிலேய அரசு அமைத்த இந்திய ஹெம்ப் மருந்துகள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை வேண்டாம் என்று அறிக்கை தந்திருந்தது. வடநாட்டில் சிவராத்திரிக்கும் ஹோலிக்கும், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு குடிக்கும் வழக்கம் எவ்வளவு ஆழமானது என்று அந்த ஆணையம் நன்றாக அறிந்திருந்தது.

கஞ்சாவுக்கான தண்டனை எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ வரை சிறு அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, கூடியது 20 ஆண்டு; ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. சரஸுக்கு இந்த எல்லைகள் 100 கிராமும் ஒரு கிலோவும்தான். செடி வளர்ப்பவருக்கு எடைக் கணக்கே இல்லை. கொல்லையில் ஒரு செடி வைத்தாலும் 10 ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பிடிபட்ட பொட்டலத்தைத் தராசில் வைக்கும்போதுதான், தனி இலையையும் விதையையும் விலக்கும் விளக்கத்தின் கனம் தெரிகிறது. பையில் இருப்பது பூ மட்டுமா, அல்லது இலை, குச்சி, விதை எல்லாம் கலந்ததா? காவல்துறை மொத்தமாக எடை போட்டிருந்தால், பூ நுனியை மட்டும் பிரித்து நிறுத்தால் அளவு ஒரு கிலோவுக்குக் கீழே இறங்கும் என்று வழக்கறிஞர் வாதிடுவார். 21 கிலோ மூட்டையில் ஒன்றரைக் கிலோ, நுனியோடு சேராத இலை என்று நிறுவினால், பத்தாண்டுக் கட்டாயச் சிறையிலிருந்து ஒரு மனிதர் தப்பலாம். ஆனால் போதைப்பொருளை வேறு பொருளோடு கலந்திருந்தால் கதை வேறு. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலவையின் மொத்த எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சாக்லேட்டிலும் கேக்கிலும் கலந்து விற்பவர்களும் அதை வாங்குபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இம்மியளவு கஞ்சாவுக்காக மாவும் சர்க்கரையும் சேர்ந்து தராசில் ஏறும்.

மத்தியச் சட்டம் விட்டுவிட்ட இலை, மாநிலங்களின் கைக்குப் போனது. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, கஞ்சாச் செடிப் பொருள்கள் மீது ஆயத்தீர்வை விதிக்கும் உரிமையை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. என்டிபிஎஸ் சட்டத்தின் 81-ம் பிரிவு, அந்தச் சட்டத்தில் இல்லாத கட்டுப்பாட்டை ஒரு மாநிலச் சட்டம் விதித்திருந்தால் அது செல்லும் என்கிறது. அதனால்தான் உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் பட்டப்பகலில் நடக்கின்றன. இலையை ஊறவைத்து, அம்மியில் விழுதாக அரைத்து, உருண்டை பிடித்து வைத்திருப்பார்கள். கேட்டவருக்குப் பால், பாதாம், மிளகு சேர்த்துக் கலக்கித் தருவார்கள். குஜராத் 2017-ல் தன் மதுவிலக்குச் சட்டத்தின் பட்டியலிலிருந்து பாங்கை நீக்கியது. அசாமோ 1958-லேயே கஞ்சாவோடு பாங்கையும் தடை செய்துவிட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் ஒரு ஜாமீன் வழக்கில், பிடிபட்ட பாங்கு கஞ்சாவிலிருந்தோ சரஸிலிருந்தோ தயாரானது என்பதற்கு ஆதாரம் இல்லாத நிலையில் அது என்டிபிஎஸ் சட்டத்துக்குள் வராது என்று கூறியது.

இதைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், இலைக்குத் தடையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. கள்ளும் சாராயமும் மட்டும் அதன் பொருள் அல்ல. போதைப்பொருள் என்று அது சொல்வதில் கஞ்சாச் செடியின் இலையும் சிறு தண்டும் உண்டு. வாரணாசியில் ரசீது போட்டு விற்கும் பாங்கு உருண்டையை ரயிலில் கொண்டுவந்து உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்குபவர், வாங்கிய ஊரில் குற்றம் செய்யவில்லை. வைத்திருக்கும் ஊரில் செய்கிறார். இன்னொன்றும் இங்கே சேர்கிறது. தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டம், பேச்சு வழக்கில் குண்டர் சட்டம், போதைப்பொருள் குற்றவாளிகளையும் விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை அடைக்க வழி செய்கிறது. 2021 டிசம்பரில் ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ தொடங்கியது முதல் கிராமத்துக் காவல் நிலையங்களும் இதில் தீவிரமாக இருக்கின்றன.

நாருக்கும் விதைக்கும் சாகுபடி செய்யும் வழி வேறு. என்டிபிஎஸ் 14-ம் பிரிவின்படி, தொழில்துறைக்காக நார் அல்லது விதை எடுக்க அரசு அனுமதி தரலாம். இந்த வழியில் 2018-ல் வணிகச் சாகுபடிக்கு முதலில் உரிமம் தந்தது உத்தராகண்ட். செடியில் டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. இமயமலையில் தானாக முளைக்கும் நாட்டுச் செடி இந்த அளவை எளிதில் தாண்டிவிடும் என்பதால், ஏற்ற விதை கிடைப்பதே அங்கே பெரிய சிக்கல். மலானா சரஸுக்குப் பேர்போன குல்லு மாவட்டத்தைக் கொண்ட இமாசலப் பிரதேசத்தில், 2024 செப்டம்பரில் சட்டமன்றம் சாகுபடிக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் அமைச்சரவை, பாலம்பூர், நவுணி பல்கலைக்கழகங்களைக் கொண்டு முன்னோட்டத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் இப்படி ஓர் அனுமதி முறை இல்லை. இதோடு சணப்பையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: நெல் நடவுக்கு முன் மானாம்பதி போன்ற ஊர்களின் வயல்களில் மடக்கி உழும் அது ஒரு பயறுவகைச் செடி. கஞ்சாவோடு அதற்கு எந்த உறவும் கிடையாது, எந்தத் தடையும் கிடையாது.

விதையிலிருந்து வரும் உணவுப்பொருளை நாடு முழுக்க விற்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் இதற்கு வரையறை செய்தது: விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், விதை எண்ணெயில் 10 மில்லிகிராம், விதையில் செய்த பானத்தில் 0.2 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் கூடாது. போதை தரும் என்று தொனிக்கும் எந்த வாசகமும் சிப்பத்தில் இருக்கக் கூடாது. மளிகைக் கடையிலும் இணையத்திலும் ஹெம்ப் விதை என்று கிடைப்பது இதுதான். அதில் கிறக்கம் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

பெரிய குழப்பம் மருந்தில் இருக்கிறது. கைப்பேசியில் தேடினால் ‘விஜயா’ என்ற பெயரில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் எண்ணெய் வருகிறது. கஞ்சாச் செடிக்கு ஆயுர்வேத நூல்கள் சொல்லும் பெயர் அது. மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்ட விதிகளின் இ-1 அட்டவணை, நச்சுத்தன்மை உள்ளவை என்று பட்டியலிடும் சரக்குகளில் ஆயுர்வேதத்தின் பாங்கும் இருக்கிறது, சித்த மருத்துவத்தின் கஞ்சாவும் இருக்கிறது. இவற்றைச் சேர்த்த மருந்தின் சிப்பத்தில், மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். குப்பியைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை: மாநில ஆயுஷ் உரிம எண், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்பு, இந்த எச்சரிக்கை. இலைச்சாறு என்பது ஒன்று. பூ அல்லது பிசின் சாறு என்றால் மத்தியச் சட்டமே குறுக்கே வரும். முறையான நிறுவனங்கள் மருத்துவரின் சீட்டைக் கேட்டுப் பெற்ற பிறகே அனுப்புகின்றன. சீட்டும் இல்லாமல் உரிம எண்ணும் இல்லாமல் கூரியரில் வருவதை வாங்குபவர் பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

அமெரிக்காவிலிருந்து வரும் மென்மிட்டாய்களின் நிலை இதைவிடக் கடுமை. அங்கே 2018-ம் ஆண்டின் வேளாண் சட்டம், உலர் எடையில் டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து விடுவித்தது. நாருக்கென்று திறந்த கதவு வழியே, சிபிடியை அமிலத்தால் மாற்றித் தயாரித்த டெல்டா-8 டிஎச்சி மிட்டாய்கள் பெட்ரோல் பங்க் கடைகள் வரை பரவின. மாநிலங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. மினசோட்டா 2022-ல் ஒரு தடவை உட்கொள்ளும் அளவுக்கு 5 மில்லிகிராம் என்று எல்லை போட்டு அனுமதித்தது. கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில், ஹெம்ப் உணவில் டிஎச்சி கண்டறியும் அளவுக்கே இருக்கக் கூடாது என்றது. டெக்சாஸ் சட்டமன்றம் தடை கொண்டுவர, 2025 ஜூனில் ஆளுநர் அதை நிராகரித்தார். கடைசியில் 2025 நவம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டம், ஒரு கொள்கலனுக்கு மொத்த டிஎச்சி 0.4 மில்லிகிராம் என்று வரம்பு கட்டி, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வரும் என்று விதித்தது.

இந்தியாவில் இந்த 0.3 சதவீதக் கணக்கு மிட்டாய்க்குச் செல்லாது. என்டிபிஎஸ் சட்டத்தின் அட்டவணை டிஎச்சியையே, டெல்டா-8, டெல்டா-9, டெல்டா-10 உள்ளிட்ட வடிவங்களோடு, உளவெறியூட்டும் பொருளாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அமெரிக்கக் கடையில் பில் போட்டு வாங்கியதைப் பெட்டியில் வைத்துச் சென்னை விமான நிலையத்தில் இறங்கினால் அது இறக்குமதிக் குற்றம். மானாம்பதியில் இருக்கும் அம்மாவின் மூட்டுவலிக்கு என்று மகன் அன்போடு அனுப்பினாலும் சட்டத்தின் முன் நிலைமை மாறாது.

தமிழர் அதிகம் போய்வரும் சிங்கப்பூரில் இலை, பூ என்ற பிரிவே இல்லை. கஞ்சாச் செடியின் எந்தப் பாகமும் அங்கே கஞ்சாதான். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. ஒரு கிலோ அளவு கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தை என்ற வழக்கில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் 2023 ஏப்ரல் 26 அன்று தூக்கிலிடப்பட்டார். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தர வசிப்பாளர்களும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். காசிக்குப் போன சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் உரிமம் பெற்ற கடையில் ஒரு குவளை பாங்குப் பால் குடித்துவிட்டு ஊர் திரும்பினால், சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கி அங்கே வழக்கைச் சந்திக்க நேரலாம்.