சைக்கிள் டைனமோவில் வீட்டுக்குக் கரண்ட்!

கரண்ட் போனவுடன் யுபிஎஸ் "பீப் பீப்" என்று கத்தும். அவசர அவசரமாக ஃபைலை சேவ் செய்துவிட்டு இருட்டில் உட்காருவோம். "நாமே கரண்ட் தயாரித்தால் என்ன?" என்று அப்போது உங்களுக்கும் தோன்றியிருக்கும். அதைச் செய்தே காட்டியவர் ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டின் வில்லியம் கம்குவம்பா.

2001-02ல் மலாவியில் கடும் பஞ்சம். மக்காச்சோளம் விளையவில்லை. விவசாயியான அப்பாவால் ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாததால் 14 வயதில் வில்லியமின் படிப்பு நின்றது. ஆனாலும் அவர் ஊர்ப் பள்ளியின் சிறிய நூலகத்துக்குப் போய்வந்தார். அங்கே எரிசக்தி பற்றிய ஒரு பாடப் புத்தகத்தில் காற்றாலைப் படம் இருந்தது. காற்றாலை கரண்ட் தரும், தண்ணீரும் இறைக்கும் என்று படித்தார். தண்ணீர் இருந்தால் வயல் காயாதே! அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. படங்களைப் பார்த்தே புரிந்து கொண்டார்.

என்னென்ன பாகங்கள்?

எல்லாம் காயலான் கடைச் சாமான்கள்தான். டிராக்டர் ஃபேன், பழைய ஷாக் அப்ஸார்பர், உடைந்த சைக்கிள், ஒரு சைக்கிள் டைனமோ. பிவிசி பைப்பை நெருப்பில் காட்டித் தட்டையாக்கி இறக்கைகள் செய்தார். வாஷருக்குப் பதில் பாட்டில் மூடிகள். கோபுரத்துக்கு மரக் கம்பங்கள். குப்பை பொறுக்கும் பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள் ஊரார்.

எப்படி வேலை செய்கிறது?

கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் சுழன்றால் கம்பியில் கரண்ட் பிறக்கும். 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த இந்த உண்மைதான் டைனமோவுக்கும் பெரிய மின் நிலைய ஜெனரேட்டருக்கும் அடிப்படை. காற்றில் இறக்கை மெதுவாகத்தான் சுற்றும். டைனமோவோ வேகமாகச் சுற்ற வேண்டும். அதற்குத்தான் சைக்கிள். இறக்கை பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. செயின் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் டைனமோவின் சிறிய உருளையைப் பல மடங்கு வேகத்தில் சுற்றுகிறது.

கிடைத்தது சுமார் 12 வாட்ஸ். அதில் சிறிய பல்புகளும் ரேடியோவும் இயங்கின. ஊரார் செல்போன் சார்ஜ் செய்ய வந்து நின்றார்கள்!

கூரை வீட்டில் ஒயர்கள் உரசினால் தீதான். அந்த ஆபத்தை உணர்ந்த வில்லியம், ஆணிகளில் செம்புக் கம்பி சுற்றி, நடுவே காந்தம் வைத்து, சர்க்யூட் பிரேக்கரையும் தானே செய்தார்.

நீங்கள் செய்வதானால்...

முதலில் கணக்குப் போடுங்கள். சாதாரண சீலிங் ஃபேனுக்கு சுமார் 75 வாட்ஸ் வேண்டும். 12 வாட்ஸில் அது ஓடாது. ஆனால் 9 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்று எரியும். டைனமோ தருவது ஏசி; பேட்டரியில் சேமிக்க டையோடுகள் மூலம் டிசியாக மாற்ற வேண்டும். காற்றோ, தண்ணீரோ, காலால் மிதிப்பதோ, ஏதாவது ஒன்று சுற்றித்தான் ஆக வேண்டும். "மோட்டாரையும் ஜெனரேட்டரையும் இணைத்தால் தானாகவே ஓடும்" என்று கிட் விற்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள்.

மிக முக்கியமான ஒன்று. இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ, நீங்களாக அதை வீட்டு ஒயரிங்கில் செருகாதீர்கள். கரண்ட் தெருவுக்குப் பாய்ந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் இறந்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய மின் ஊழியரின் உயிர் போகும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் அவசியம். அதை எலக்ட்ரீஷியனே பொருத்தட்டும்.

வில்லியமின் கதை 2009ல் புத்தகமாகவும், 2019ல் திரைப்படமாகவும் வந்தது. பணமில்லாமல் படிப்பை விட்ட அவர் 2014ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றார். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய டைனமோ கிடக்கலாம். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு அதை எடுத்து ஒரு பல்பை எரிய வைத்துப் பாருங்களேன்!