பெட்டிக்கு முன் இரண்டு பட்டியல்

ஜூன் விடுமுறை நெருங்கிவிட்டது. நடனம், நாடகம், இசை எனத் தங்கிப் பயிலும் முகாம்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாணவர்கள் உங்களில் இருக்கலாம். சிலருக்குப் பெற்றோர் இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வெளியில் தங்கப்போவது இதுவே முதன்முறை. இக்கட்டுரை அவர்களுக்கும், அவர்களை வழியனுப்பப்போகும் அக்காள் அண்ணன்களுக்கும்.

சென்ற ஆண்டு, உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை ஜோகூரில் பத்து நாள் பரதநாட்டிய முகாமுக்குச் சென்றாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குச் செல்வதால் ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தொடக்கக்கல்லூரியில் படித்தபோது இரண்டு விடுமுறை முகாம்களில் தொண்டூழியராக இருந்திருக்கிறேன். முகாமில் பிள்ளைகள் எதற்கு அழுவார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். பற்பசையை மறந்துவிட்டதற்காக யாரும் அழுததில்லை. அதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். விளக்கு அணைந்த பிறகு வரும் அழுகைக்குத்தான் கடையில் மருந்து கிடைக்காது. அதற்கான ஆயத்தத்தை வீட்டிலேயே செய்ய வேண்டும்.

நமக்குப் புதிதல்ல

வீட்டைவிட்டுத் தங்கிக் கலை பயில்வது நம்மவர்களுக்குப் புதிய பழக்கம் அன்று. குருவின் வீட்டிலேயே தங்கிக் கற்றவர்கள் நம் முன்னோர். ருக்மிணி தேவி அருண்டேல் 1936ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் வெளியூர், வெளிநாட்டு மாணவர்கள் விடுதியில் தங்கிப் பயின்றனர். 1977ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அப்சரஸ் ஆர்ட்ஸ் அமைப்பை நிறுவிய சத்தியலிங்கம், நீலா சத்தியலிங்கம் தம்பதியர் கலாக்ஷேத்ராவில் பயின்றவர்கள்தாம்.

பள்ளி விடுமுறையில் மட்டும் சில வாரங்கள் தங்கிப் பயிலும் முகாம் என்றால், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இன்டர்லாக்கனைச் சொல்லலாம். ஜோசப் மேடி என்ற இசை ஆசிரியர் 1928ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான இசைக்குழு முகாமாக அதைத் தொடங்கினார். இரண்டு ஏரிகளுக்கு நடுவே மரக்குடில்களில் தங்கி இன்றும் மாணவர்கள் அங்கு இசை, நடனம், நாடகம், ஓவியம் கற்கிறார்கள்.

இடமும் கலையும் மாறினாலும் முதல் சில இரவுகள் எல்லா முகாமிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அம்மா கொடுத்த வாக்குறுதி

தங்கையின் பெயரைப் பதிந்த அன்றே அம்மா அவளிடம், “பிடிக்கலைன்னா ஒரு போன் போடு கண்ணு. அப்பாவும் நானும் அப்பவே பஸ் ஏறி வந்து கூட்டிட்டு வந்துடுவோம்” என்றார். அன்பினால் வந்த சொல்தான். எத்தனையோ வீடுகளில் இதே சொல்லைக் கேட்கலாம். தொண்டூழியராக இருந்தபோது அதன் விளைவை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாக்குறுதியோடு வரும் பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே கைப்பேசி கிடைக்கும் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள்.

வீட்டு ஏக்கம் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பரும் குழந்தைநல மருத்துவர் எட்வர்ட் வால்டனும் 2007ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் ஓர் அறிக்கை எழுதினர். வீட்டைப் பிரிந்திருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏக்கம் ஓரளவு வரும் என்றும், முன்கூட்டியே பழக்கினால் அதைக் குறைக்கலாம் என்றும் அவர்கள் கூறுகின்றனர். முகாமுக்குப் போவதா என்ற முடிவில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் ஓரிரு இரவு வேறிடத்தில் தங்கவிட்டுப் பழக்குங்கள் என்பவை அவர்களின் பரிந்துரைகளில் சில. ‘பிடிக்காவிட்டால் அழைத்து வந்துவிடுவோம்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்கிறார்கள்.

காரணம் எளிது. அந்த வாக்குறுதி, ‘உன்னால் முடியாது என்று நாங்களே நினைக்கிறோம்’ எனப் பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்கிறது. வீடு திரும்புவது ஒன்றே வழி என்று மனத்தில் பதிந்துவிட்டால் வேறு எந்த வழியையும் பிள்ளை முயன்று பார்க்காது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “பெத்தவளுக்குத்தான் தெரியும். ராத்திரி அவளுக்கு மூச்சு வாங்குச்சுன்னா யாரு பார்ப்பா?” என்று கேட்டார். தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு உண்டு. அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் வாக்குறுதியே கூடாது என்று வாதாடுவதை நிறுத்திவிட்டு, எதற்கு வருவோம், எதற்கு வரமாட்டோம் என்று பிரித்து எழுதலாம் என்றேன்.

நால்வரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பட்டியல் போட்டோம்.

முதல் பட்டியல், எந்த நேரமானாலும் உடனே புறப்பட்டு வருவதற்கானது. மூச்சுத்திணறல், கடுமையான காய்ச்சல், விழுந்து அடிபடுதல், யாராவது மிரட்டுதல், யாராவது அவளுக்குச் சங்கடம் தரும்படி தொடுதல் அல்லது பேசுதல்.

இரண்டாம் பட்டியல், பொறுத்திருந்து பார்ப்பதற்கானது. சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, தோழி கிடைக்கவில்லை, ஆசிரியர் திட்டினார், வீட்டு நினைவாக இருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் எதிரே தான் என்ன செய்வாள் என்பதைத் தங்கையே எழுத வேண்டும் என்றோம். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தூக்கம் வராவிட்டால் மூச்சை நூறு வரை எண்ணுவதாகவும், வீட்டு நினைவு வந்தால் காலையில் வழிநடத்துநரிடம் சொல்வதாகவும் எழுதினாள். ஒரு பிரதி குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப்பட்டது. இன்னொன்று அவளது குறிப்பேட்டுக்குள் போனது.

தொடுதல் பற்றிய வரியை எழுதும்போது அப்பா தயங்கினார். ஆனால் நடன வகுப்பில் இது கட்டாயம் பேச வேண்டிய விஷயம். அரைமண்டியில் முதுகை நிமிர்த்தவும் முழங்காலைத் திருப்பவும் ஆசிரியர் தொட்டுத் திருத்துவது வழக்கம். அது சங்கடமாக இருந்தால், “சொல்லுங்கள், நானே சரிசெய்கிறேன்” என்று சொல்லும் உரிமை மாணவருக்கு உண்டு. இதை முகாமுக்குப் போகுமுன் வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால்தான், அங்கே பிள்ளைக்கு வாய் வரும்.

ஏற்பாட்டாளர்களிடமும் நாங்கள் சில கேள்விகள் கேட்டோம். இரவில் தங்கும் அறைகளுக்கு யார் பொறுப்பு? அருகிலுள்ள மருந்தகம் எவ்வளவு தூரம்? தனிப்பட்ட புகார் என்றால் மாணவர் யாரிடம் போக வேண்டும்? நல்ல ஏற்பாட்டாளர்கள் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார்கள். எங்களுக்குத் தெளிவான பதில்கள் கிடைத்தன.

நான்கு வார ஒத்திகை

தங்கையின் வாராந்தர வகுப்பு ஒன்றரை மணி நேரம். முகாமிலோ நாளுக்கு ஆறு மணி நேரப் பயிற்சி. உடலைத் தயார்செய்யாமல் போனால் இரண்டாம் நாளே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், பாதம் கொப்புளித்துவிடும். நான்கு வாரங்களுக்கு முன்பே தொடங்கினோம். முதல் வாரம் நாளுக்கு 20 நிமிடம். பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டி, நான்காம் வாரம் 50 நிமிடம். வீட்டில் தட்டடவு ஆடினால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அதனால் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலை வேளையில் ஆடினாள். அது சிமெண்டுத் தரை. முழங்கால்களுக்கு நல்லதல்ல என்பதால் தட்டும் அடவுகளை மென்மையாகவும் குறைவாகவும், கை அசைவுகளையும் அரைமண்டியையும் அதிகமாகவும் செய்தாள். புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாள்கள் முழு ஓய்வு.

தூக்கத்தைச் சரிசெய்வதுதான் கடினமாக இருந்தது. 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பரிந்துரைக்கும் கணக்கு. முகாமில் காலை ஐந்தரைக்கு மணியடிப்பார்கள். தங்கை நள்ளிரவுவரை கைப்பேசி பார்ப்பவள். சில நாள்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்தள்ளி, கடைசி வாரத்தில் இரவு ஒன்பதரைக்குப் படுக்கும் நிலைக்கு வந்தாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தாள்.

பிறகு யீஷூனில் உள்ள அத்தை வீட்டில் இரண்டு இரவு தங்கினாள். அத்தையிடம் முன்பே சொல்லிவைத்தோம்: எழுப்பிவிட வேண்டாம், தட்டைக் கழுவிவைக்க வேண்டாம், துணி துவைத்துத் தர வேண்டாம். அங்கேதான் அவள் முதன்முறையாகப் பயிற்சிச் சேலையைக் கையால் துவைத்துப் பிழிந்து காயப்போட்டாள். அடுத்த நாள் காலை அது ஈரமாகவே இருந்தது. இரண்டு சேலை போதாது, மூன்று வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்தாள்.

பெட்டியையும் அவளே அடுக்கினாள். எது எங்கே இருக்கிறது என்பது அடுக்கியவருக்குத்தானே தெரியும்? சலங்கையைத் துணிப்பையில் சுற்றி நடுவில் வைத்தாள். இளைப்புக்கான உறிஞ்சுமருந்து பெட்டிக்குள் போகாமல் இடுப்புப்பைக்குள் போனது. கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, கொசு விரட்டி, மாதவிடாய்ப் பொருள்கள், சில்லறை ரிங்கிட், எல்லாவற்றிலும் பெயர். எல்லை கடப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: மலேசியாவுக்குள் நுழையக் கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் பார்த்துப் பயனில்லை.

முன்வரிசை கிடைக்காது

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. சமூக மன்ற வகுப்பில் அவள் எப்போதும் முன்வரிசை. முகாமில் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் மாணவிகள் வருவார்கள். அவர்களில் பலர் அரங்கேற்றம் முடித்தவர்கள். “நான் பின்னாடி நிக்கணும்னா எதுக்குப் போகணும்?” என்று கேட்டாள்.

இது நடனத்துக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. பள்ளியில் சிறந்தவர்களை ஒரே இடத்தில் சேர்த்தால், அவர்களில் பெரும்பாலோர் அங்கே நடுத்தரமாகத்தான் இருக்க முடியும். பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்தில் நானும் அதைப் பார்த்தேன். அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: பின்வரிசையில் நிற்பவளுக்கு முன்னால் பார்த்துக் கற்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் போனாள்.

மூன்றாம் இரவு

முகாமில் இரவு உணவுக்குப் பின் 20 நிமிடம் மட்டும் கைப்பேசி கொடுப்பார்கள். முதல் இரண்டு நாள் உற்சாகமாகப் பேசினாள். மூன்றாம் நாள், “அக்கா, நான் வீட்டுக்கு வரேன்” என்றாள். குரல் உடைந்திருந்தது. அம்மா என் பக்கத்தில்தான் இருந்தார்.

“எந்தப் பட்டியல்?” என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “ரெண்டாவது” என்றாள்.

“அதுக்கு எதிரே என்ன எழுதின?”

“மூச்சை எண்ணணும். காலையில வழிநடத்துநர்கிட்ட சொல்லணும்.”

அம்மா கைப்பேசியை வாங்கினார். வருகிறேன் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். “என்னம்மா சாப்பிட்ட?” என்று மட்டும் கேட்டார். சோறும் சாம்பாரும் என்று பதில் வந்தது. கைப்பேசியைக் கீழே வைத்த பிறகு அம்மா குளிர்பதனப் பெட்டியின் முன் நின்று முதல் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்தார். அன்றிரவு அவரும் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் தங்கை நான்கு நிமிடம்தான் பேசினாள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஈப்போ மாணவியும் அழுதுகொண்டிருந்தாராம். காலையில் இருவரும் சேர்ந்தே வழிநடத்துநரிடம் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சேலை துவைக்கவும் ஒன்றாகவே போனார்கள்.

இறுதி நாள் நிகழ்ச்சியில் அவள் மூன்றாம் வரிசையில் ஆடினாள். பரிசு எதுவும் இல்லை. அதுவரை அலாரிப்பு மட்டுமே ஆடிவந்தவள், ஒரு ஜதிஸ்வரம் முழுவதையும் கற்றுவந்தாள். இந்த ஆண்டும் போக வேண்டும் என்று ஜனவரியிலேயே கேட்டுவிட்டாள்.

முகாமுக்குச் செல்லவிருக்கும் மாணவர்களே, உங்கள் பெற்றோரும் அதே வாக்குறுதியைக் கொடுக்கலாம். கோபப்படாதீர்கள். ஒரு தாளை எடுத்து அவர்களோடு உட்கார்ந்து இரண்டு பட்டியல்களையும் எழுதுங்கள். முதல் பட்டியலில் உள்ளது நடந்தால் தயங்காமல், வெட்கப்படாமல் உடனே அழையுங்கள். இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுக்கு என்ன செய்வீர்கள் என்பதை நீங்களே எழுதுங்கள். பெட்டியை அதற்குப் பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.