'ஆர்9' என்றால் பத்துக்கு ஒன்பதா? கிச்சன் டைல்ஸ் வாங்கும் முன் கேட்க வேண்டிய எண்கள்

டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் சேல்ஸ்மேன் முதலில் காட்டுவது பளபளப்பைத்தான். முகம் தெரியும் அளவுக்கு பாலிஷ், மார்பிள் போல ஓடும் கோடுகள், மேலே ஸ்பாட் லைட். "கிச்சனுக்கு இப்போ இதுதான் சார் மூவிங்" என்பார். நீங்களும் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டு, ஓட்டெடுப்பு நடத்தி, டிசைனை முடிவு செய்துவிடுவீர்கள். அந்தத் தரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் சிந்தினால் என்ன ஆகும் என்பது மட்டும் போட்டோவில் தெரியாது.

ஹால் தரை வேறு, சமையலறைத் தரை வேறு. தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், சிங்க்கிலிருந்து சொட்டும் தண்ணீர், கைதவறி விழும் குக்கர் மூடி எல்லாம் இங்கேதான். அதன் மேல் பெரும்பாலும் வெறுங்காலோடு நடக்கிறோம். அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்து தங்கினால், அவர்கள் அதிக நேரம் நிற்பதும் இங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6.84 லட்சம் பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள். இதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைக் கடந்தவர்கள். எனவே டிசைனுக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி, இது எவ்வளவு வழுக்கும் என்பதுதான்.

ஆர்9 நல்ல மார்க்கா?

இந்தக் கேள்விக்கு ஒரு எண் இருக்கிறது. ஆனால் அதைப் பலரும் தப்பாகத்தான் படிக்கிறார்கள். டைலின் தகவல் தாளில் 'ஆர்9' என்று இருந்தால், "ஓ, பத்துக்கு ஒன்பது, பரவாயில்லையே" என்றுதான் தோன்றும். உண்மையில் அது அந்த அளவுகோலின் கடைசி பெஞ்ச். ஆர் வரிசை 9-ல் தொடங்கி 13-ல் முடிகிறது.

டிஐஎன் 51130 என்ற ஜெர்மன் தரநிலையில் வந்த சோதனை இது. டைல் பதித்த ஒரு மேடையில் எண்ணெய் தடவுவார்கள். பூட்ஸ் போட்ட ஒருவர் அதன் மேல் முன்னும் பின்னும் நடப்பார். மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். எந்தச் சாய்வு வரை அவரால் வழுக்காமல் நடக்க முடிகிறதோ, அதை வைத்துத்தான் மதிப்பு. 6 முதல் 10 டிகிரி வரை தாங்கினால் ஆர்9. 19 டிகிரி வரை ஆர்10. 27 வரை ஆர்11. அதாவது ஆர்9-க்கும் ஆர்10-க்கும் நடுவே ஒரு மார்க் வித்தியாசம்தான் என்று நினைக்க வேண்டாம். தாங்கும் சாய்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகலாம்.

வீட்டுச் சமையலறைக்கு என் பரிந்துரை ஆர்10, மேட் ஃபினிஷ். ஆர்11 இன்னும் பாதுகாப்பு. ஆனால் சொரசொரப்பு கூடக் கூட அழுக்கும் பிடித்துக்கொள்ளும், மாப் போடுபவர் உங்களைத் திட்டுவார்.

இன்னொரு சிக்கல், அந்தச் சோதனையில் நடப்பவர் பூட்ஸ் போட்டிருக்கிறார். நம் வீட்டில் யாரும் பூட்ஸ் போட்டுச் சமைப்பதில்லை. வெறுங்காலுக்கு டிஐஎன் 51097 என்று தனிச் சோதனை உண்டு. அதில் எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர். மதிப்பு ஏ, பி, சி. நீச்சல் குளம் போன்ற இடங்களை மனதில் வைத்து வந்த சோதனை அது. தகவல் தாளில் 'பி' அல்லது 'சி' என்று இருந்தால் கூடுதல் நிம்மதி.

பெயர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

விட்ரிஃபைட், ஜிவிடி, பிஜிவிடி, டபுள் சார்ஜ் என்று கடையில் வரிசையாக அடுக்குவார்கள். இந்தியாவில் தயாராகும் டைல்ஸின் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்தும் அதைச் சுற்றியும் வருகிறது. பெரிய பிராண்டுகள் பலவும் அங்குள்ள ஆலைகளில் தயாரித்து வாங்குகின்றன. அதனால் பிராண்ட் பெயரை விட அந்தக் குறிப்பிட்ட மாடலின் டெக்னிக்கல் டேட்டா ஷீட்தான் முக்கியம். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். டேட்டா ஷீட்டே இல்லை என்றால் வேறு மாடல் பாருங்கள்.

அதில் முதலில் நீர் உறிஞ்சும் அளவைப் பாருங்கள். சர்வதேசத் தரநிலைப்படி 0.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால்தான் அது விட்ரிஃபைட் வகை. சுவருக்கான செராமிக் டைல் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதைத் தரையில் போடக் கூடாது. சந்தேகமா? டைலைத் திருப்பிப் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று இழுத்துக்கொண்டால் அது சுவர் டைல்.

ஜிவிடி என்பது விட்ரிஃபைட் டைலின் மேல் டிசைன் அச்சடித்து கிளேஸ் போட்டது. இதற்கு பிஇஐ என்ற தேய்மான அளவு உண்டு: 1 முதல் 5 வரை. சமையலறைக்கு 3 போதும், 4 இருந்தால் நல்லது. அதையே பாலிஷ் செய்தால் பிஜிவிடி. டபுள் சார்ஜில் நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை இருக்கும், தேய்மானத்தைத் தாங்கும். ஆனால் கிளேஸ் கிடையாது, எனவே பிஇஐ எண்ணும் அதற்குப் பொருந்தாது. தவிர, பாலிஷ் போடும்போது நுண்துளைகள் திறந்துகொள்வதால் மஞ்சள் கறை இறங்க வாய்ப்பு உண்டு. கறைக்கும் 1 முதல் 5 வரை வகுப்பு இருக்கிறது. 5 என்றால் வெந்நீரிலேயே போய்விடும். 1 என்றால் போகவே போகாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சாம்பிள் டைலை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். மஞ்சள் கலந்த எண்ணெயை ஒரு இரவு அதன் மேல் விட்டுப் பாருங்கள். சில கடைகளில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

உண்மையான அழுக்கு இடுக்கில்தான்

சமையலறை பழசாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் டைல் காரணமில்லை, இடுக்குகளில் நிரப்பும் கிரவுட்தான் காரணம். 80 சதுர அடித் தரைக்கு 300 மில்லிமீட்டர் டைல் போட்டால், மொத்த இடுக்கு சுமார் 50 மீட்டர். 600 மில்லிமீட்டர் டைல் என்றால் 25 மீட்டர், சரிபாதி. சின்ன டைலின் இடுக்குகள் காலுக்குக் கொஞ்சம் பிடிமானம் தரும் என்பது உண்மைதான். ஆனால் ஆர்10 மேட் எடுத்துவிட்டால் அந்தப் பிடிமானத்தை டைலே தந்துவிடும். அதனால் 600 பக்கம்தான் என் ஓட்டு.

சிமென்ட் கிரவுட் எண்ணெயை உறிஞ்சும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் கரையவும் செய்யும். போர்வெல் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றும் வழக்கம் உள்ள வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். எபாக்ஸி கிரவுட் விலை பல மடங்கு கூடுதல். ஆனால் சமையலறை அளவுக்கு மட்டும் போடும்போது பட்ஜெட் உடையாது. நிறம் நடுத்தர சாம்பலாக இருக்கட்டும். ஐவரி கிரவுட் சில மாதங்களில் அதே சாம்பலுக்கு வந்துவிடும்.

பதிக்கும்போது மேஸ்திரி "வெறும் சிமென்ட் போதும் சார், நாங்க இருபது வருஷமா போடுறோம்" என்பார். தண்ணீரை உறிஞ்சாத விட்ரிஃபைட் டைலில் சிமென்ட் பால் சரியாகப் பிடிக்காது. ஐஎஸ் 15477 முத்திரை உள்ள டைல் அட்ஹெசிவ் கேளுங்கள். காய்ந்த பிறகு தட்டிப் பாருங்கள். வெற்று ஒலி வரும் இடத்தில் குழவி விழுந்தால் டைல் விரியும்.

பில்டர் ஃப்ளாட் என்றால், ப்ரோஷரில் 'விட்ரிஃபைட் டைல்ஸ்' என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கும். தரை போடும் முன்பே எந்த மாடல், ஆர் எவ்வளவு என்று மெயிலில் கேட்டுவிடுங்கள். வாடகை வீடா? சிங்க் முன்னாலும் அடுப்பு முன்னாலும் ரப்பர் அடிப்பாகம் உள்ள மேட் போடுங்கள், அதுதான் இப்போதைக்கு வழி.

கடைசியாக பில். '2-க்கு 2' என்று கடையில் சொல்வது 600 மில்லிமீட்டர் டைலை. அது 4 சதுர அடி அல்ல, 3.875. முழு வீட்டுக்கும் 1,000 சதுர அடி என்று 250 டைல் வாங்கினால், உண்மையில் கையில் வருவது சுமார் 969 சதுர அடி. வெட்டும் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்து வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். மிச்சமாகும் டைல்களைப் பெட்டியோடு பரணில் போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு டைல் உடைந்தால், அதே ஷேட் கடையில் கிடைப்பது கஷ்டம்.