அரக்கு எங்கே போனது?

முகூர்த்த மாதம் நெருங்குகிறது, புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்கு அடிப்படைச் சொற்களைச் சொல்லிக்கொடுங்கள் என்றது ஆசிரியர் குழு. அதற்குக் காஞ்சிபுரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவு வீடு. குழித்தறியில் பாதி நெய்த சேலை: அரக்கு உடல், பச்சைக் கரை. வாசல் வழியே பகல் வெளிச்சம், தறிக்கு மேலே மஞ்சள் பல்பு. செல்போனில் படமெடுத்தேன். திரையில் வந்தது தக்காளிச் சிவப்பு. நெசவாளரிடம் காட்டினேன். ஒரு பார்வைதான். "இது நம்ம சேலை இல்லீங்களே" என்றார்.

அங்கே தவறியது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பக் கேமரா செய்யும் திருத்தம். பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் கூடுதல், நிழலில் நீலம் கூடுதல். இதைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள்: மஞ்சள் பல்பு 2700, நடுப்பகல் வெயில் சுமார் 5500, நிழல் 7000க்கு மேல். எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகத் தெரிவது மூளை செய்யும் திருத்தம். கேமராவோ ஊகிக்கிறது. ஒரே அறையில் இரண்டு வெளிச்சம் இருந்தால் ஊகம் பிசகும். படம் முழுக்கச் சிவப்புச் சேலையை நிரப்பினாலும் பிசகும். வெளிச்சமே சிவப்பு போலும் என்று எண்ணி, சேலையின் சிவப்பையே அது குறைத்துவிடும்.

மீதித் தவறு எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தின் அளவில். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் பழக்கம். அதனால் அடர்ந்த அரக்கு வெளுக்கிறது, சந்தன நிறம் அழுக்காகிறது. ஜரிகை மின்னினால் படமே இருண்டுபோகும். செல்போன் திரையில் சேலையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். அரக்கு திரும்பி வரும்.

எக்ஸ்போஷரைத் தீர்மானிக்கும் அப்பெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் வேகமாகப் பார்த்துவிடலாம். அப்பெர்ச்சர் என்பது லென்ஸின் துவாரம், எஃப் 1.8 பெரிய துவாரம், எஃப் 16 சிறியது. ஷட்டர் என்பது நேரம். தறியில் பாய்கிற நாடாவை நிறுத்திப் பிடிக்க நொடியின் 500இல் ஒரு பங்கு வேண்டும். ஐஎஸ்ஓ என்பது பதிவான வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு. அது உயர்ந்தால் இருட்டிலும் படம் கிடைக்கும், ஆனால் பட்டின் வழவழப்பு மேல் பொட்டுப் பொட்டாக விழும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். பளபளப்பு அதிலிருந்து வருகிறது. நேர் எதிரே வெளிச்சம் அடித்தால் பளீரென்ற திட்டுதான் மிஞ்சும். இதே ஊரின் கைலாசநாதர் கோயிலுக்குக் காலையில் போய்ப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டுப் பல்லவ மணற்கல் சிற்பங்கள் சாய்வெயிலில்தான் எழுந்து நிற்கும். ஊடையும் பாவும், அதாவது குறுக்கிழையும் நெடுக்கிழையும், அப்படியே. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் இழை தெரியும்.

மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்குகிறோம். 1976இல் காப்புரிமை பெற்ற பேயர் வடிவம் என்ற நிற வடிகட்டி அமைப்புதான் பெரும்பாலான கேமராக்களில் இன்றும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே பார்க்கிறது: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். இத்தனை கணக்குக்குப் பிறகு வரும் நிறத்தையா சாட்சியாக வைப்பது?

என் கவலை இதுதான். படத்தைப் பார்த்துச் சேலை கேட்கிறவர்கள், சேலை கைக்கு வந்ததும் படத்தோடு ஒப்பிட்டு, சேலையைத்தான் குற்றம் சொல்கிறார்கள். வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல், எம்.எஸ்.சுப்புலட்சுமி உடுத்தியதால் பெயர் பெற்ற எம்.எஸ். புளூ என்று ஒவ்வொரு சாயலுக்கும் பெயர் வைத்திருக்கும் ஊர் இது. மயில்கழுத்து நிறத்தை எப்படிப் படமெடுப்பீர்கள்? பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்புக்கு மடிப்பு மாறும். ஒரு படம் ஒரு கோணத்தைத்தான் வைத்துக்கொள்ளும். செல்போன் கூட்டிக் காட்டும் நிறத்துக்கே கண்கள் பழகிவிட்டால், சாயப்பட்டறையும் அதற்குத் தகுந்தாற்போல் மாறிவிடாதா? அரக்கை அரக்கென்று சொல்லும் கண் அடுத்த தலைமுறைக்கு இருக்குமா?

செல்போன் இல்லாவிட்டால் வெளியூர் வியாபாரமே இல்லை என்கிறார்கள் இளைஞர்கள். அதுவும் உண்மைதான்.

ஆகவே எடுப்பதைச் சரியாக எடுங்கள். பல்பை அணைத்துவிட்டு, வெயில் நேரே விழாத வாசலோரம் சேலையை விரியுங்கள். பக்கத்தில் வெள்ளை வேட்டியின் ஓரம் தெரியட்டும். நீலம் போடாத வேட்டியாக இருக்க வேண்டும். வேட்டி வெள்ளையாகத் தெரிகிற படத்தில் சேலையின் நிறத்தை ஓரளவு நம்பலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

மறுநாள் காலை அதே வீட்டுக்குப் போனேன். பல்பை அணைக்கச் சொல்லி, வேட்டியை ஓரத்தில் வைத்து, சூரியக் குறியை இறக்கி எடுத்தேன். நெசவாளர் செல்போனை வாங்கித் தறியிலிருந்த சேலைக்குப் பக்கத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கிட்ட வந்திருக்குங்க. இன்னும் ஒரு முக்கு முக்கணும்."