பழைய இசைப் பெட்டிக்குப் புதிய கிட்டங்கி

‘சாம்பிள்’ என்ற சொல் தெரியாத வியாபாரி நம் போடியில் கிடையாது. ஏல அரங்கில் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கைப்பிடி காய் நம் முன்னால் வருகிறது. நிறம், கனம், மணம் பார்த்து, மூட்டைகளை அவிழ்க்காமலேயே விலை சொல்கிறோம். 2007-ல் ஏலம் கம்ப்யூட்டர் முறைக்கு மாறிய பிறகும் அந்தக் கைப்பிடிக் காய்க்கு மாற்று வரவில்லை.

இசைத் தொழிலிலும் இதே பெயரில் ஒரு கருவி உண்டு. அதற்கு ‘சாம்ப்ளர்’ என்று பெயர். தவிலின் ஒரு தட்டு, நாதஸ்வரத்தின் ஒரு சுரம் என்று உண்மையான ஒலியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். கீபோர்டில் விரல் வைத்தால் அந்த ஒலியையே உயர்த்தியும் தாழ்த்தியும் தரும். மளிகைக் கடைக்காரருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கட்டுரையை முழுவதும் படித்தால் சம்பந்தம் இருப்பது விளங்கும்.

கருவி வந்த வரலாறு

ஈ-மு கம்பெனியின் ‘எமுலேட்டர்’ 1981-ல் அமெரிக்காவில் வந்தது. 1988-ல் ஜப்பானின் அகாய் நிறுவனம் ‘எஸ்1000’ என்ற சாம்ப்ளரை வெளியிட்டது. உலகம் முழுவதும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அது இடம் பிடித்தது. நமக்குத் தெற்கே பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா அவர்கள் உலகறிந்த இசை தந்த அதே காலத்தில்தான் மின்னணுக் கருவிகளும் தமிழ்த் திரையிசைக்குள் நுழைந்தன. 1989-ல் ஏ.ஆர்.ரகுமான் அவர்கள் சென்னையில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். பெரிய கூடங்கள் புது மாடலுக்கு மாறியபோது, கைமாறிய பழைய கருவிகள் திருவிழா மேடைகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்களிடம் வந்து சேர்ந்தன. அவற்றில் சில இன்றும் உயிரோடு இருக்கின்றன.

எங்கே கோளாறு?

சாம்ப்ளருக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரத்தை நிறுத்தினால் அதன் நினைவில் இருந்த ஒலி முழுவதும் அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். கடைப் பெட்டியடியில் சரக்கு நிற்காது, தினமும் கிட்டங்கியிலிருந்துதான் எடுத்துவர வேண்டும் என்பது போலத்தான்.

அந்தக் காலத்தில் இந்தக் கருவிக்குக் கிட்டங்கி பிளாப்பி டிஸ்க்தான். ஒரு பிளாப்பியின் கொள்ளளவு சுமார் ஒன்றரை மெகாபைட். நல்ல தரத்தில், இரண்டு ஸ்பீக்கருக்குமாகப் பதிந்த ஒலிக்கு வினாடிக்கு 1,76,400 பைட் இடம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பிளாப்பியில் எட்டு வினாடிக்குச் சற்று அதிகமாகவே அடங்கும். கச்சேரிக்குப் போகிறவர்கள் பெட்டி பெட்டியாகப் பிளாப்பி சுமந்தது இதனால்தான். வசதி உள்ளவர்கள் ‘ஸ்கஸி’ என்ற இணைப்பின் வழியாக ஹார்டு டிஸ்க்கோ, 1994-ல் வந்த ஜிப் டிரைவோ மாட்டிக்கொண்டார்கள்.

இன்று நிலை என்ன? பிளாப்பி விற்பனையை சோனி நிறுவனம் 2011-ல் நிறுத்திவிட்டது. அந்தப் பழைய வகை ஹார்டு டிஸ்க் புதிதாகக் கிடைப்பதில்லை. கையில் இருக்கும் பிளாப்பிகளோ மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டில் காந்தத் தூள் பூசியவை. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். மலைக்காற்றின் ஈரம் என்ன செய்யும் என்பது நமக்குப் புதிதா? காயின் பச்சை நிறம் போகக்கூடாது என்றுதானே கறுப்பு பாலிதீன் உறை போட்டுச் சாக்கில் கட்டுகிறோம். காய்க்குக் காட்டும் அந்தக் கவனத்தை யாரும் பிளாப்பிக்குக் காட்டியதில்லை.

மெமரி கார்டு வந்த வழி

சாம்ப்ளர் நல்ல நிலையில் இருக்கும்போது, சேமிக்கும் பாகம் கெட்டுவிட்டது என்பதற்காக முழுக் கருவியையும் எடைக்குப் போடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. பழுதான பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஸ்கஸி இணைப்பில் மாட்டும் கார்டு ரீடர். கேமராவில் போடும் மெமரி கார்டை இதில் செருகினால், தன்னோடு ஒரு ஹார்டு டிஸ்க் பேசுகிறது என்றே சாம்ப்ளர் நம்பிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் மெக்மாஸ்டர் என்பவர் வடிவமைத்த ‘ஸ்கஸி2எஸ்டி’ என்ற பலகை இவ்வகையில் பேர் பெற்றது. பிறகு ‘புளூஸ்கஸி’ போன்றவையும் வந்தன.

இரண்டாவது வழி, பிளாப்பி டிரைவ் இருந்த இடத்திலேயே பொருத்தும் ‘கோடெக்’ என்ற சீனத் தயாரிப்பு. இதில் பென் டிரைவ் செருகலாம். ஒரே பென் டிரைவில் நூற்றுக்கணக்கான பிளாப்பிகளின் சரக்கை வைத்து, எண்ணை மாற்றி மாற்றி எடுக்கலாம். கெயர் ஃபிரேசர் என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்துள்ள ‘ஃபிளாஷ்ஃபிளாப்பி’ என்ற புரோகிராமை ஏற்றினால் இது இன்னும் பல கருவிகளோடு ஒத்துப்போகும்.

நாம் கண்ட ஒன்று

நம் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். அவருடைய பழைய சாம்ப்ளரில் பிளாப்பி டிரைவ் நின்றுபோனது. ‘எடைக்குப் போடு தம்பி, புதுசு வாங்கலாம்’ என்றார் தந்தை. மகன் சம்மதிக்கவில்லை. காரணம், அந்தக் குழுவில் முப்பது ஆண்டு உறுமி வாசித்த பெரியவரின் தட்டு ஒவ்வொன்றும் அந்தப் பிளாப்பிகளில்தான் இருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார். வேறு எந்தப் பதிவும் கிடையாது.

மதுரையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோது நாமும் உடன் சென்றோம். அவர் செய்த வேலையில் ஒழுங்கு இருந்தது. முதலில், ஓடும் நிலையில் உள்ள வேறொரு டிரைவைத் தற்காலிகமாக மாட்டினார். அடுத்து கார்டு ரீடரை இணைத்தார். பிறகு பிளாப்பிகளை ஒவ்வொன்றாகச் சாம்ப்ளருக்குள் ஏற்றி, அங்கிருந்து கார்டில் பதிந்தார். 40 பிளாப்பிகளில் 34 படித்தன. மீதி ஆறில் பூஞ்சை. நல்ல வேளையாக உறுமி இருந்தவை படித்த பக்கத்தில் இருந்தன. அந்த ஆண்டு வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கச்சேரியில் பெரியவரின் உறுமி மேடையில் கேட்டது. தந்தை அதற்குப் பிறகு எடைக்கடைப் பேச்சை எடுக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

1. டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுத்துவிட வேண்டும். நின்ற பிறகு செலவும் அலைச்சலும் இரட்டிப்பு.

2. பெரிய கார்டு வாங்கிப் பயனில்லை. பழைய கருவிகள் ஓரளவு இடத்துக்கு மேல் அடையாளம் காண்பதில்லை. கருவியின் கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து வாங்கவும்.

3. ஸ்கஸியில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. ஒரே தெருவில் இரண்டு கடைக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் திண்டாடுவது போல, எண் ஒன்றாகிவிட்டால் கருவி திண்டாடும். கடைசியில் மாட்டும் ‘டெர்மினேட்டர்’ என்ற முடிப்பானும் சரியாக இருக்க வேண்டும். கழற்றும்போதும் மாட்டும்போதும் மின்சாரம் நிறுத்தியிருக்க வேண்டும்.

4. போலிக் கார்டு சந்தையில் ஏராளம். மேலே எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்காது. காய்க்குப் பச்சைச் சாயம் போடுகிற வேலைதான் இதுவும். பில்லோடு வாங்கி, கம்ப்யூட்டரில் முழுதும் நிரப்பிச் சோதித்த பிறகே சரக்கை ஏற்றவும்.

5. கார்டும் சாகும், அதுவும் சொல்லாமல் சாகும். ஆகவே இரண்டு நகல் வேண்டும், அவை இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். சாம்ப்ளர் தன் முறையில் எழுதிய கார்டைச் சாதாரணக் கம்ப்யூட்டர் படிக்காமல் போகலாம். அப்போது ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். சரி என்று தட்டிவிடக் கூடாது. கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுக்கும் முறை உண்டு, அதைக் கேட்டறிந்து செய்யவும்.

நமக்கு என்ன பாடம்?

இது இசைக்காரர்களோடு நிற்கிற விஷயமல்ல. 1990-களில் கம்ப்யூட்டர் வாங்கிக் கணக்கு எழுதிய கடைகளின் பழைய பற்று வரவு, பாக்கி விவரம் எல்லாம் இன்னமும் பிளாப்பியில் உறங்குகின்றன. அந்தக் கம்ப்யூட்டர்களின் ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்தில், சிறு இணைப்புப் பலகை ஒன்றை வைத்து ‘காம்பாக்ட் ஃபிளாஷ்’ கார்டை மாட்டலாம். அந்தக் கார்டு ஹார்டு டிஸ்க்கின் மொழியையே பேசும்படி செய்யப்பட்டது.

நம் முன்னோர் குறிப்பேட்டில் ஒருமுறை எழுதியதைப் பேரேட்டில் மறுமுறை ஏற்றினார்கள். ஒன்று கரையானுக்குப் போனாலும் மற்றொன்று நிற்கும். மெமரி கார்டு விஷயத்திலும் வழி அதுதான். பரணில் பிளாப்பிப் பெட்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்த மழைக்கு முன்பே அதை இறக்கிப் பார்ப்பது நல்லது.