திரையில் தோன்றிய சடைமயிர் யானை

நாஞ்சில் நாட்டை அடுத்த மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் இன்றும் யானைகள் உலவுகின்றன. அவற்றின் நெருங்கிய உறவினமே மாமூத் எனப்படும் சடைமயிர் யானை. குளிர்மிக்க வடபுலங்களில் வாழ்ந்த அவ்வினம் ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முன் அற்றொழிந்தது.

எனினும், 1952ஆம் ஆண்டின் ‘காடு’ என்னும் திரைப்படம் அதனை இந்தியக் காட்டில் நடமாடவிட்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கருடன் கூட்டாக எடுத்த வீரச்செயற் படம் அது. வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் கேமரான், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் ஆகியோர் நடித்தனர்.

மறைந்த விலங்கிற்கு எங்கே போவது? யானைகள்மீது சடைமயிரைப் போர்த்திப் படம் பிடித்தனர்! இருநாட்டார் கூடி உழைத்த இம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும், திரையில் கண்டதைச் சுவைக்கும் மாணவர், கற்பனை எது, அறிவியல் உண்மை எது எனப் பகுத்தறிதல் வேண்டும்.